பத்திலிருந்து ஆரம்பிக்கும் டேப்

நூற்றியொன்று.

எலி மறுபடி அளந்தாள். டேப்பின் கொக்கியை எஞ்சின் உட்கார்ந்திருக்கும் கட்டையில் மாட்டி, மேலே படகு ஹாலின் தரையைத் தாங்குகிற உத்தரம் வரைக்கும் இழுத்தாள். வாயில் டார்ச். நெற்றி வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாலும் அதே நூற்றியொன்றுதான்.

"தொண்ணூத்தி ஒண்ணுதானே இருக்கணும்?" என்று டார்ச்சைக் கடித்தபடியே கேட்டாள். கேட்டது பக்கத்திலிருந்த பழைய டீசல் எஞ்சினிடம். அதுவோ மூன்று வாரமாக ஓடாமல் கிடந்தது. பதில் சொல்கிற நிலையில் இல்லை.

படகு வளர்ந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள். நாற்பது வயதுப் படகு. தண்ணீரிலிருந்து தூக்கி, பட்டறையில் இரும்புக் கால்கள் மேல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்தால் மரம் சுருங்கும். வளர்ந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம்தான் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். மஞ்சள் நிறம், புத்தம் புதுசு, மெக்கானிக்கக்காவுடையது. பூஜ்யத்திலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கிற டேப்.



தலைக்கு மேல் பூட்ஸ் சத்தம். மெக்கானிக்கக்காவின் குரல் பலகை வழியாக இறங்கியது: "கேப்டனக்கா, என் ஃபோனப் பாத்தீங்களா? அஞ்சு மணிக்குள்ள கடைக்குச் சொல்லணும். விட்டா அடுத்த கப்பல்லதான் எஞ்சின் வரும், சீசன் போயிடும்."

எலி வெளியே வரப் பார்த்தாள். வர முடியவில்லை. சட்டைக் கை எஞ்சினின் ஏதோ ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கும் படகின் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் இல்லை. எலி நுழைகிற இடம்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு எலி என்று பெயர், அதனால்தான் பதினைந்து வயதில் அந்த வீட்டின் அளவெல்லாம் அவள் தலையில். வீடும் அந்தப் படகும் ஒன்றுதான். அம்மா கேப்டன், அப்பா சமையலும் உபசரிப்பும். சீசனில் தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்கள், மற்ற நாளில் அதிலேயே குடியிருப்பார்கள். அம்மா அதைப் 'படகு' என்பாள். அப்பா யாரிடம் பேசினாலும், சொகுசுப் படகு மாதிரி, 'யாட்' என்பார்.

"அக்கா!" என்று கத்தினாள். டார்ச் வாயில் இருந்ததால் அது "அங்ஙா" என்று வந்தது. மேலே யாருக்கும் கேட்கவில்லை.

அந்தப் படகுக்கு இரண்டு எஞ்சின். இடது பக்கத்து எஞ்சினுக்குப் பெரியப்பா என்று பேர் வைத்திருந்தார்கள். காலையில் எழுப்பினால் பத்து நிமிடம் இருமிவிட்டுத்தான் எழும். வலது பக்கத்தது சித்தப்பா. எழுந்ததிலிருந்து ஒரே புகை. நிஜமான சித்தப்பா ஒரு தடவை விருந்தாளியாக வந்தபோது, "சித்தப்பா வாய்லேர்ந்து கறுப்பா எண்ணெய் வருது" என்று எலி கத்தியதைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுக் கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டார்.

போன வருஷம் நடுக்கடலில் இரண்டு பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டார்கள். பெரியப்பா முதலில், அவரைப் பார்த்து சித்தப்பா. படகில் பதினோரு பயணிகள். அம்மா சக்கரத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நாலு மணி நேரம். மேலே அப்பா பயணிகளுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஜோக் சொல்லி, ஜோக் தீர்ந்துபோய், அதே ஜோக்கைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பெரியப்பா இருமினார். மேலே எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா ஏறி வந்தபோது இடது மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. புகைக்குழாயில் பட்ட சூடு. அப்பா அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

இந்த வருஷம் புது எஞ்சின் என்று முடிவானது. எது என்பதில்தான் வீடு இரண்டானது.

அப்பாவுக்கு நாலு சிலிண்டர். குட்டியாக, வெள்ளையாக, பார்த்தால் சலவை மிஷின் மாதிரி. வேகமும் ஜாஸ்தி என்றார். எல்லாம் கம்ப்யூட்டர். ஏதாவது கோளாறு என்றால் திரையில் எழுதிக் காட்டும்.

"எழுதிக் காட்டும். சரி. அப்புறம் யாரு ரிப்பேர் பண்ணுவா?" என்றாள் அம்மா.

"கம்பெனிலேர்ந்து லேப்டாப் எடுத்துட்டு ஆள் வரும்."

"நடுக்கடலுக்கா?"

"கேப்டன், இது கெட்டே போகாது. அதான் விஷயம். கைய வெக்கவே வேணாம்."

"கைய வெக்க முடியாத எஞ்சின நம்பி நான் ஆள் ஏத்த மாட்டேங்க."

அம்மாவுக்கு ஆறு சிலிண்டர். மெதுவாகச் சுற்றுவது, கனமானது, உயரமானது. கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு ஸ்பேனர் பெட்டியும் பொறுமையும் இருந்தால் அவளே பிரித்து மாட்டலாம்.

மெக்கானிக்கக்கா இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்று பிஸ்கட் சாப்பிட்டாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். தோள் அகலம், பேச்சு சுருக்கம். "அண்ணே, நாலு சிலிண்டர்ல குதிரை சக்தி ஜாஸ்தி, ஒத்துக்குறேன். ஆனா உங்க படகு வயித்தப் பாருங்க. இந்தத் தொந்திக்கு நூறு குதிரை கட்டினாலும் ஒரு வேகத்துக்கு மேல போகாது. டீசலக் குடிச்சுட்டு அலைதான் ஜாஸ்தி எழுப்பும்."

"தொந்தின்னு யாட்டச் சொல்றியா, என்னச் சொல்றியா?"

"உங்க ரெண்டு பேரையும்தான் அண்ணே. அதோட, பழசு ரெண்டும் நல்ல கனம். லேசான எஞ்சின வெச்சா பின்பக்கம் தூக்கிக்கும், பேலன்ஸ் பாக்கணும். ஆறு சிலிண்டர்னா கனம் கிட்டத்தட்ட பழைய மாதிரியே. ஆனா உயரம்தான் இடிக்குது. கட்டைலேர்ந்து உத்தரம் வரைக்கும் தொண்ணூத்தாறு சென்டி வேணும். இருந்தா ஆறு. இல்லேன்னா பேச்சே இல்ல, நாலுதான். அளந்து சொல்லுங்க, என் தோளு அந்தச் சந்துல நுழையாது."

எலி இறங்கினாள். கையில் வீட்டு டேப்.

வீட்டு டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் முதல் பத்து சென்டிமீட்டர் கிடையாது. ஒரு காற்று நாளில் நங்கூரப் பெட்டியின் மூடி விழுந்து நறுக்கிவிட்டது. "மீதி நல்லாத்தானே இருக்கு" என்று அப்பா நுனியை மடித்து ஒரு கொக்கி ஒட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் உலகம் பத்திலிருந்துதான் ஆரம்பம். எதை அளந்தாலும் பத்தைக் கழிக்க வேண்டும். ஒரு தடவை ஜன்னல் திரைக்கு அளந்தபோது எலி கழித்துச் சொன்னாள், கேட்ட அம்மா கழித்து எழுதினாள், கடைக்குப் போன அப்பா கழித்து வெட்டச் சொன்னார். திரை ஜன்னலின் இடுப்பு வரைக்கும்தான் வந்தது. பக்கத்துப் படகுக்காரர் ஒரு மாதம் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அதற்கப்புறம் அப்பா சட்டம் போட்டார்: அளக்கிறவர் கழிக்கணும், எழுதுகிறவர் கழிக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் எழுதியே ஒட்டினார்.

அன்றைக்கு எலி கீழேயிருந்து கத்தினாள், அப்பா மேலே எழுதினார். முதலில் நீளம். அப்புறம் அகலம். கடைசியில் உயரம். காகிதத்தில் உயரம் தொண்ணூற்றியொன்று.

"அஞ்சு சென்டி பத்தல" என்றாள் மெக்கானிக்கக்கா. "சாரி கேப்டனக்கா. அளவு பேசிடுச்சு."

அம்மா சண்டை போடவில்லை. அதுதான் எலிக்குப் பயமாக இருந்தது. காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள், மடித்துக் கொடுத்தாள். "சரி, நாலே வரட்டும். ஆனா சீசன்லேர்ந்து சக்கரத்துல வேற ஆளப் போட்டுக்கங்க. நான் டிக்கெட் பாத்துக்கறேன்" என்றாள். குரலை உயர்த்தாமல், காய் வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

அப்பா சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார் போல. மறுநாள் அம்மா கேப்டன் தொப்பியைத் துவைத்துக் காயவைத்து, பாலித்தீன் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதன்பிறகு அப்பா அந்தப் பேச்சில் சிரிக்கவில்லை. ஆனாலும் வெள்ளை எஞ்சின் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டார்.

இன்றைக்கு எலியைக் கீழே அனுப்பியது புகைக்குழாய் ஓட்டையை அளக்க. வீட்டு டேப் எங்கேயோ போய்விட்டதால் மெக்கானிக்கக்கா தன்னுடையதைக் கொடுத்தாள். ஓட்டையை அளந்துவிட்டு, சும்மா, வெறும் சும்மா, உயரத்தையும் அளந்து பார்த்தாள். எதற்கு அளந்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நூற்றியொன்று. தொண்ணூற்றாறு போக அஞ்சு மிச்சம். கை விட்டுத் திருகவும் இடம் உண்டு. ஆறு சிலிண்டர் ராஜா மாதிரி உட்காரும்.

நான்தான் தப்பாகக் கத்தினேனோ? அவள் மூளை அந்த நாளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியது. டேப்பில் நூற்றிப்பதினொன்று, மூன்று ஒன்று வரிசையாக நின்றது நினைவிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்ததும் நினைவிருந்தது. கழித்தது? கழித்திருப்பேன். எப்பவும் கழிப்பேனே. கத்தியது நூற்றியொன்றுதானா? இல்லை, பயத்தில் நானே இரண்டு தடவை கழித்துவிட்டேனா? என் வாயால்தான் அம்மாவின் தொப்பி பாலித்தீன் பைக்குள் போனதா?

மேலே மெக்கானிக்கக்கா, "ஹலோ, வணக்கம். ஆமா, அந்தப் படகு விஷயமாத்தான்" என்றாள்.

எலி டார்ச்சைத் துப்பினாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கொக்கி விடவில்லை. "பெரியப்பா, விடு!" என்று ஒரே உதறு. கை வந்தது, சட்டைக் கை பெரியப்பாவிடமே நின்றுவிட்டது. தலையை உத்தரத்தில் இடித்து, முழங்காலைக் குழாயில் இடித்து, ஹாலின் தரைப் பலகையைத் தலையாலேயே முட்டித் திறந்துகொண்டு எழுந்தாள். பலகை மேல் அப்பா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் எழுந்தார். வெங்காயம் உருண்டது.

"ஃபோன வை!" என்று அலறினாள்.

"அக்காகிட்ட மரியாதையாப் பேசுடி" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

"ஃபோன வைங்கக்கா! வைங்க! தயவு செஞ்சு வைங்க!"

ஒரு சட்டைக் கை இல்லாமல், முகமெல்லாம் கறுப்பு எண்ணெயாக, தரைக்குள்ளிருந்து இடுப்பு வரை முளைத்து நின்றவளை மெக்கானிக்கக்கா ஒரு விநாடி பார்த்தாள். "ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேங்க, இங்க ஒரு... ஒரு எலி வந்துடுச்சு" என்று சொல்லி வைத்தாள்.

"என்னடி ஆச்சு? கைய வெட்டிக்கிட்டியா?" அம்மா ஓடி வந்தாள்.

எலிக்கு மூச்சு வாங்கியது. அப்பா முகத்தைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் வெள்ளை எஞ்சின் படத்தைப் பார்த்தாள். மேல்தட்டில் பாலித்தீன் பையைப் பார்த்தாள். 

"அளவு தப்பு" என்றாள்.

"பத்தா?" என்றார் அப்பா.

எலி தலையாட்டினாள். "உயரம் நூத்தி ஒண்ணு. அக்கா டேப்புல அளந்தேன். ரெண்டு தடவ."

உருண்ட வெங்காயம் சுவரில் போய் முட்டி நின்றது.

"அதென்ன பத்து?" என்றாள் மெக்கானிக்கக்கா. "அண்ணே, உங்களுக்கு எப்படிப் பத்துன்னு தெரியும்?"

அப்பா கட்டிலுக்கடியில் துழாவி வீட்டு டேப்பை எடுத்து வந்து நீட்டினார். மெக்கானிக்கக்கா நுனியை இழுத்தாள். பத்து. விட்டாள், இழுத்தாள். பத்து.

"இதுலயா?" அவள் குரல் சன்னமாகிவிட்டது. "இதுலயா எஞ்சினுக்கு அளந்தீங்க? இத்தன நாளா இதுலயா எல்லாம்...?"

"மீதி நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா.

"அண்ணே, தலையில்லாத மீன எடைபோட்டு, தலைக்கு எவ்வளவு இருக்கும்னு கூட்டிக் கழிச்சு விக்கிறவன நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

"நான் கழிச்சுத்தான் சொன்னேன்" என்று எலி முனகினாள். "நெனைக்கிறேன். கழிச்சேன்னு நெனைக்கிறேன்."

"நீ கழிச்சிருப்ப. நானும் கழிச்சிருப்பேன்" என்று அப்பா தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். "திரைச்சீலை மாதிரியே. சட்டம் போட்டவனே சட்டத்த மீறிட்டான். கேப்டன், மன்னிச்சுக்கங்க."

அம்மா மன்னிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எலியின் சட்டைக் கையில்லாத தோளில் கையை வைத்து, "மத்தது?" என்று மெக்கானிக்கக்காவிடம் கேட்டாள். "நீளம், அகலம் எல்லாம் தப்பா?"

எலி மறுபடி இறங்கினாள். அதே மஞ்சள் டேப்போடு. மெக்கானிக்கக்கா பலகை ஓட்டையில் தலையை விட்டு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நீளம் சரி. அகலம் சரி. காகிதத்தில் இருந்தபடியே, ஒரு மில்லிமீட்டர் பிசகில்லாமல்.

"உயரம் மட்டும்தான் தப்பு" என்றாள் மெக்கானிக்கக்கா. காகிதத்தை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை. தோளைக் குலுக்கிவிட்டு ஃபோனை எடுத்தாள். ஐந்துக்கு இன்னும் ஏழு நிமிடம். "ஹலோ, ஆமா, எலி போயிடுச்சு. எழுதிக்கங்க. நாலு இல்ல, ஆறு சிலிண்டர். ரெண்டு. ஆமா, ஆறு. நிச்சயமா. நானே நேர்ல நின்னு அளந்தேன்."

அம்மா திரும்பி நின்று ஜன்னலுக்கு வெளியே பட்டறையைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பெயின்ட் டப்பாவும் ஒரு ஏணியும்தான். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து பாலித்தீன் பையை இறக்கினாள். தொப்பி துவைத்ததில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அப்படியே அழுத்தி மாட்டிக்கொண்டு வெங்காயத்தைப் பொறுக்கினாள்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடித்தார். வெள்ளை எஞ்சின் படத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதினார். "என் சலவை மிஷினு போச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அம்மா சிரித்தாள். தட்டை நீட்டியபோது அவள் கைச் சட்டை மேலேறி, மணிக்கட்டில் அந்தச் சூட்டுத் தழும்பு பளபளவென்று தெரிந்தது. அப்பாவின் ஜோக் பாதியில் நின்றது. அரை விநாடிதான். குழம்பை ஊற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. எலி கவனித்தாள்.

எலியின் படுக்கை எஞ்சின் அறையை ஒட்டி, ஒரு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம். சின்ன வயதிலிருந்தே யாரிடமும் சொல்ல முடியாததைச் சுவரில் வாயை வைத்துப் பெரியப்பாவிடம் சொல்வாள். நாளைக் காலை கிரேன் வருகிறது. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் தூக்கிவிடுவார்கள். அவரிடம் எதையாவது சொல்வதென்றால் இன்றிரவுதான்.

"பெரியப்பா" என்றாள் மெதுவாக. "தூங்கிட்டியா? ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாத."

அந்தப் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

"எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது. அம்மா தொப்பியோட தூங்கறாங்க, கழட்டவே இல்ல. நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னாள். நீளத்தைக் கத்தினேன், அப்பா கழிக்காம எழுதினாரு. அகலத்தக் கத்தினேன், அதையும் கழிக்காம எழுதினாரு. அப்புறம்தான் உயரம். அதுக்கு நடுவுல மேல ஏதோ பேச்சுச் சத்தம். டீ கொட்டிடுச்சுன்னு அம்மா கத்தினாங்க, துணி எடுக்க அப்பா ஓடினாரு. திரும்பி வந்தவரு மறந்துருக்கலாம். எவ்வளவு கழிச்சோம், யாரு கழிச்சோம்னு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? திரைச்சீலைக்கு நாங்க மூணு பேரும்தானே கழிச்சோம்.

"ஆனா தொண்ணூத்தாறு வேணும்னு அக்கா அதுக்கு முன்னாடியே சொல்லியாச்சு, பெரியப்பா. அப்பா காதுல விழுந்துச்சு. இன்னைக்கு நான் அளவு தப்புன்னு மட்டும்தான் சொன்னேன். எந்த அளவுன்னு சொல்லல. எத்தனன்னும் சொல்லல. அவரு உடனே 'பத்தா'ன்னு கேட்டாரு. நம்ம வீட்ல எல்லாருமே அப்படித்தான் கேப்பாங்க, இல்ல? தப்புன்னாலே பத்துதானே? நானா இருந்தாலும் அதத்தானே கேட்டிருப்பேன்?"

 அன்றைக்கு எலியின் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அவள் நூற்றியொன்று என்று கத்தியது அவருக்குத் தெரியும். அம்மாவின் கையைச் சுட்டதும் அவருடைய குழாய்தான். அதற்கப்புறம் ஒரு வருஷம் அப்பா எஞ்சின் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காததும் அவருக்குத் தெரியும்.

கைய வெக்கவே வேணாம், கேப்டன். அதான் விஷயம்.

அப்பா வெள்ளை எஞ்சினைக் கேட்டது வேகத்துக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். எலி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, பலகையில் உதடு படும்படி வாயை வைத்தாள்.

"பெரியப்பா, உன்னத் தூக்கறதுக்குள்ள இத மட்டும் சொல்லிடு. அப்பா அந்தப் பத்த மறந்துபோய்க் கழிச்சாரா? இல்ல, அம்மா கைய இனிமே எஞ்சின் சுடவே கூடாதுன்னு நெனச்சுக் கழிச்சாரா?"